ஆறு தந்த வெளிச்சம் யார் வீட்டுக்குப் போனது?



புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று சொன்னவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது, கூரை மேல் பதிக்கப்படும் நீல நிறச் சூரியத் தகடுதான். அரங்கத்துக்கு வந்திருந்த கல்லூரி மாணவர்களிடம், "இந்த வகை மின்சாரம் நம் நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டுகள் இருக்கும்?" என்று கேட்டேன். பத்து என்றார்கள், பதினைந்து என்றார்கள். ஒரு மாணவி துணிந்து இருபது என்றார். நூற்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது என்று நான் சொன்னபோது அரங்கில் சிரிப்பலை. அது நகைச்சுவைக்காகச் சொன்ன கணக்கு இல்லை. நேரம் போதாமல் அன்று பாதியில் நிறுத்திய கதையை இங்கே முழுமையாகச் சொல்கிறேன்.

முதலில் சொல்லின் பொருளைச் சற்றுத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றும் பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தவை. எரித்துவிட்டால் போனது போனதுதான். ஆற்று நீரும், வெயிலும், காற்றும், செம்பனை ஆலையிலிருந்து தினமும் வெளியேறும் கழிவும் அப்படி அல்ல. அவை திரும்பத் திரும்பக் கிடைக்கும். அதனால்தான் இந்தப் பெயர். இவற்றில் காற்றை நாம் பெரிதாக நம்ப முடியாது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நம் நாட்டில் காற்றின் வேகம் ஆண்டு முழுவதும் சீராகவும் போதுமான அளவிலும் இருப்பதில்லை. ஆனால் மழைக்கும் மலைக்கும் ஆற்றுக்கும் நமக்குக் குறைவே இல்லை. கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

மலாயாவில் மின்சாரம் என்ற சொல்லோடு சேர்த்து எழுதப்படும் முதல் பெயர்களில் ஒரு தமிழர் பெயர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகன் கோயிலையும் தோற்றுவித்த கா. தம்புசாமிப் பிள்ளையைத்தான் சொல்கிறேன். அவரும் சீனத் தொழிலதிபர் லோக் இயூவும் சேர்ந்து 1894இல் ரவாங்கில் தங்களுடைய ஈயச் சுரங்கத்தில் மின்சார ஜெனரேட்டர் ஒன்றை நிறுவினார்கள். ஈய லம்பம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். தோண்டத் தோண்டப் பள்ளத்தில் நீர் ஊறும். அந்த நீரை இறைத்தால்தான் ஈயம் கிடைக்கும். ஆட்களை வைத்தும் நீராவி இயந்திரத்தை வைத்தும் இறைத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மின்சாரப் பம்பை இறக்கினார்கள். இந்நாட்டுச் சுரங்கத் தொழிலில் மின்சாரப் பம்பு பயன்பட்டதாகப் பதிவாகியிருப்பது அதுவே முதல்முறை. தம்புசாமிப் பிள்ளையைக் கோயில் கட்டியவராக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும்போது இந்தச் செய்தியையும் யாராவது ஒலிபெருக்கியில் சொன்னால் நன்றாக இருக்கும்.

அடுத்த கட்டம் பகாங் மாநிலத்தின் ரவூப் நகரில் நடந்தது. அங்கே தங்கம் இருந்தது. வில்லியம் பிபி என்ற ஆஸ்திரேலியர் 1889இல் உரிமம் பெற்று வந்தார். ரவூப் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. தங்கம் கலந்த பாறையை இடிக்க வேண்டும், நீரை இறைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் சக்தி வேண்டும். ரயில் பாதை எட்டாத மலையடிவார ஊருக்கு நிலக்கரியை எப்படிச் சுமந்துகொண்டு போவது? பக்கத்தில் செம்பாம் ஆறு மலையிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனம் ஆற்றின் வேகத்தைக் கொண்டு சக்கரத்தைச் சுழற்றி, மின்சாரம் எடுத்து, கம்பி வழியே சுரங்கத்துக்குக் கொண்டுபோனது. அது நடந்தது 1900இல். இந்த நாட்டின் முதல் மின் நிலையம் என்று இன்றும் வரலாறு குறிப்பிடுவது இந்தச் செம்பாம் நீர்மின் நிலையத்தைத்தான். அதாவது, நம் நாட்டில் மின் நிலையங்களின் கதை கரிப்புகையோடு தொடங்கவில்லை, ஆற்றோடு தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1905இல், கோலாலம்பூருக்கும் ஓர் ஆறு கைகொடுத்தது. கொம்பாக் ஆற்றின் மேல்பகுதியில் அமைந்த சிறிய நீர்மின் நிலையத்திலிருந்து தலைநகருக்கு மின்சாரம் வந்தது. இன்று கொம்பாக் சாலையில் நெரிசலில் சிக்கி நிற்பவர்களுக்கு இதை நம்புவது சற்றுக் கடினம்தான்.

இந்த மூன்று இடங்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். ரவாங்கில் ஈயம், ரவூப்பில் தங்கம், கோலாலம்பூரில் அரசாங்க அலுவலகங்களும் வசதி படைத்தோர் வீடுகளும். எங்கே காசு புரண்டதோ அங்கே கம்பி போனது. தொடக்க காலம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தக் கேள்வி பின்னால் வரும் ஒவ்வொரு கட்டத்திலும் கூடவே வருகிறது.

பேராக்கைப் பார்ப்போம். 1920களில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக் கப்பல்கள் வந்துவிட்டன. ஒரு மாடி வீட்டைவிடப் பெரிய அந்த மிதக்கும் இயந்திரங்களுக்குப் பெருமளவில் மின்சாரம் தேவைப்பட்டது. பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் 1926இல் லண்டனில் பதிவானது. கோலகங்சாருக்கு மேலே செண்டரோ என்ற இடத்தில் பேராக் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். 1930இல் மின்சாரம் வந்தது. ஒன்பது மெகாவாட் இயந்திரங்கள் மூன்று, மொத்தம் 27 மெகாவாட். இன்றைய கணக்கில் இது மிகச் சிறியது. அன்றைக்கு மலாயாவில் அது பெரியது. ஆனால் நேரம் சரியில்லை. அணை தயாரானபோது உலகப் பொருளாதாரம் சரிந்துவிட்டது. ஈயத்தின் விலை விழுந்தது. 1931இலிருந்து உற்பத்திக்கே அனைத்துலகக் கட்டுப்பாடு வந்தது. மின்சாரம் தயார், வாங்க வேண்டிய ஈயக் கப்பல்கள் பல ஓய்வில். அந்தச் சரிவில் ஈயச் சுரங்கத்திலும் ரப்பர் தோட்டத்திலும் வேலையிழந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதை நம் தாத்தா, பாட்டி தலைமுறை மறக்கவில்லை.

செண்டரோ அணை மட்டும் நிலைத்துவிட்டது. ஜப்பானியர் ஆட்சியையும், அவசரகாலத்தையும், சுதந்திரத்தையும் கண்டு, அதைக் கட்டிய நிறுவனம் 1982இல் தேசிய மின்சார வாரியத்தின் கைக்கு மாறிய பிறகும் அது மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. அந்த வகை ஈயக் கப்பல்களில் ஒன்று, இப்போது பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங்கில் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் காட்சிப் பொருள்.

இதே காலத்தில் எதிர்த்திசையில் இன்னொரு கதையும் ஓடியது. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் நிலக்கரி கிடைத்தது. அந்தச் சுரங்கத்தை நடத்திய மலாயன் கொலியரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜே. ஏ. ரஸ்ஸல். ரயில்களும் அந்தக் கரியில் ஓடின. 1927இல் வந்த பங்சார் மின் நிலையமும் அந்தக் கரியை எரித்தது. தலைநகருக்கு ஆற்றைவிடக் கரி நம்பகமானதாகத் தெரிந்தது. மழை குறைந்தால் ஆறு ஏமாற்றும், கரி ஏமாற்றாது என்ற எண்ணம். அதே ரஸ்ஸல்தான் 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைச் செடி நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் நம்மவர்களின் கைகள். கரிக்கு அதிபதியான ஒருவர் தேயிலை நட்ட அதே மலைதான், முப்பது ஆண்டுகள் கழித்து, கரி இல்லாத மின்சாரத்துக்கு நாட்டின் மிகப் பெரிய களமாக மாறப்போகிறது.

மத்திய மின்சார வாரியம் 1949 செப்டம்பர் முதல் நாள் தோன்றியது. பிற்பாடு 1965இல் அதுவே எல்.எல்.என். எனப்படும் தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. நம்மவர்கள் வேலைக்குப் போன அரசாங்க இலாகாக்களில் ரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் அடுத்து இந்த மின்சார இலாகாவும் முக்கியமானது. பங்சாரில் எல்.எல்.என். குவாட்டர்ஸில் வளர்ந்தேன் என்று பெருமையோடு சொல்லும் பெரியவர்கள் இன்றும் நம் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைப்பார்கள். சரி, கேமரன் மலைக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1958இல், உலக வங்கி மலாயாவுக்குத் தன் முதல் கடனைக் கொடுத்தது. 3 கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலர். பள்ளிக்கூடத்துக்கோ சாலைக்கோ அல்ல, கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்கு.

அந்தத் திட்டத்தின் யோசனை எளிமையானது, வேலை பயங்கரமானது. கேமரன் மலையில் பெர்த்தாம், தெலோம் ஆறுகள் பகாங் பக்கம் இறங்கி ஓடுகின்றன. மலையின் மறுபக்கம் பேராக். அந்தப் பக்கம் சரிவு செங்குத்து. ஆற்றை அதன் போக்கிலேயே விட்டால் மெதுவாக இறங்கும். மலையைக் குடைந்து சுரங்கவழி போட்டு மறுபக்கம் திருப்பிவிட்டால், ஐந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழும். உயரம் கூடக் கூட, அதே அளவு நீரிலிருந்து கிடைக்கும் மின்சாரமும் கூடும். அதைத்தான் செய்தார்கள். ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டி ஏரி அமைத்து, அங்கிருந்து மலைக்குள்ளே நீரைக் கொண்டுபோய், ஜோர் என்ற இடத்தில் பூமிக்கு அடியிலேயே மின் நிலையத்தை அமைத்தார்கள். 100 மெகாவாட் திறன் கொண்ட அந்தச் சுல்தான் யூசுப் நிலையம் 1963இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து வெளியேறும் நீரை வீணாக்காமல் கீழே வோ என்ற இடத்தில் மறுபடியும் பிடித்து, இன்னொரு 150 மெகாவாட் நிலையத்தை 1960களின் பிற்பகுதியில் அமைத்தார்கள்.

1963 எப்படிப்பட்ட ஆண்டு பாருங்கள். செப்டம்பரில் மலேசியா உருவானது. டிசம்பர் 28ஆம் நாள் நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. ஒளிபரப்பில் பிழைப்பு நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு ஜோர் மலைக்குள் விழும் நீரும் ஒருவகையில் சோறு போட்ட தெய்வம்தான். புதிதாகப் பிறந்த நாட்டுக்கு இந்த மின்சாரம் பெருமையாகவும் இருந்தது, தேவையாகவும் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் தோட்டத்தில் என்ன நிலைமை? இதற்குப் பதிலை நான் நூலகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துரை பங்களாவில் வெளிச்சம். கிராணிமார் வீட்டில் வெளிச்சம். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு தோட்டத்துக்கென ஒரு டீசல் மோட்டார் வந்தது. மாலையில் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணி அளவில் நின்றுவிடும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகச் சற்று நேரம் மறுபடியும் ஓடும். தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் உச்சக்கட்டத்தை நெருங்கும்போது மோட்டார் நின்ற கதையை என் அம்மா இன்றைக்கும் கோபத்தோடுதான் சொல்வார். அந்தப் படத்தின் முடிவை அவர் பார்த்தது திருமணத்துக்குப் பிறகு. லாரி பேட்டரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓட்டியவர்கள் எத்தனை பேர்! பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு மோட்டார் நின்ற பிறகு மெழுகுவர்த்திதான் துணை.

இதற்குக் காரணம் மின்சாரப் பற்றாக்குறை அல்ல. காரணம் சட்டத்திலும் நிர்வாகத்திலும் இருந்தது. கிராமப்புற மின்மயத் திட்டங்கள் அரசாங்கத்தின் பணத்தில் கம்பங்களுக்குப் போயின. தோட்டம் தனியார் நிலம். அங்கே கம்பி இழுப்பது முதலாளியின் பொறுப்பு என்று அரசாங்கம் இருந்தது, செலவு கட்டாது என்று பல முதலாளிகள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் லயத்து மக்கள். தொழிலாளர் வீடமைப்புக்கும் அடிப்படை வசதிகளுக்குமான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் புதிய வடிவம் பெற்றது. ஆனால் பல தோட்டங்களில் 24 மணி நேர மின்சாரம் எட்டிப் பார்ப்பதற்குள் அந்தத் தோட்டமே துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறத் தொடங்கிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. செம்பனை ஆலை இருந்த தோட்டங்களில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அப்போதே வேலை செய்துகொண்டிருந்தது. யாரும் அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். குலையை வேகவைத்துப் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு நாரும் கொட்டை ஓடும் மிஞ்சும். அதைப் பாய்லரில் போட்டு எரிப்பார்கள். அந்த நீராவி சுழலியை ஓட்டும், மின்சாரம் கிடைக்கும், அந்த நீராவியே குலையை வேகவைக்கவும் பயன்படும். வெளியிலிருந்து எண்ணெயோ கரியோ வேண்டாம். பாய்லர் வேலைக்குப் போன நம் அண்ணன்மார்களுக்கு, உலகம் பிற்பாடு மாநாடு போட்டுப் பேசிய தொழில்நுட்பம் உள்ளங்கை நெல்லிக்கனி.

மீண்டும் ஆற்றுக்கு வருவோம். 1970களில் எண்ணெய் விலை ஏறியது. நம் மின்சாரத்தின் பெரும்பங்கு எண்ணெயில்தான் இருந்தது. விழித்துக்கொண்ட அரசாங்கம் 1981இல் எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என்று நான்கையும் சமன்படுத்தும் எரிபொருள் கொள்கையை அறிவித்தது. அணைகள் வரிசையாக வந்தன. பேராக் ஆற்றின் மேல்பகுதியில் தெமெங்கோர் 1970களின் இறுதியில், 348 மெகாவாட். திரெங்கானுவில் கென்யிர் 1985இல், 400 மெகாவாட். கென்யிர் ஏரியில் படகில் போகும்போது சுற்றுலா வழிகாட்டி முந்நூற்று நாற்பது தீவுகள் என்று சொல்வார். அவை தீவுகளாகப் பிறந்தவை அல்ல, மூழ்கிய காட்டின் மலையுச்சிகள். தெமெங்கோரில் மூழ்கியது காடு மட்டுமல்ல. அங்கே ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களின் ஊர்கள் இருந்தன. ஆயர் பானுன், கெமார் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அவர்கள் மாற்றப்பட்டார்கள். ஏரி நிரம்பிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், அந்தக் குடியிருப்புகள் பலவற்றுக்கு மின்கம்பி வராமல் ஜெனரேட்டர்தான் ஓடியது. நம் லயத்துக் கதையைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது ஏதோ தெரிந்த வீட்டுக் கதை போல இருக்கிறதல்லவா?

கிளந்தானின் பெர்காவ் அணையின் கதை வேறு ரகம். அது பிரிட்டனின் பாராளுமன்றத்தையே உலுக்கியது. பிரிட்டன் 23 கோடியே 40 லட்சம் பவுன் உதவித் தொகையை இந்த அணைக்கு ஒதுக்கியது. உதவித் துறையின் நிரந்தரச் செயலாளர் டிம் லேங்கஸ்டர் 1991இல், இது பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாத திட்டம் என்று எழுத்துமூலம் ஆட்சேபித்தார். எரிவாயு நிலையம் அமைத்தால் மலிவாக முடியும் என்பது அவர் துறையின் கணக்கு. ஆட்சேபத்தை மீறிப் பணம் போனது. பின்னணியில் சுமார் நூறு கோடி பவுன் ஆயுத விற்பனை ஒப்பந்தம் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1994 நவம்பரில் அந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதியதில் சினமடைந்த நம் பிரதமர் டாக்டர் மகாதீர் அரசாங்கக் குத்தகைகளில் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்குச் சில மாதங்கள் தடை போட்டார். இத்தனை அமளிக்கும் நடுவில் 600 மெகாவாட் அணை கட்டி முடிந்து, இன்று மாலை நேர உச்சத் தேவைக்குக் கைகொடுக்கிறது. நல்ல மின்சாரம்தான். ஆனால் நீரில் எடுத்தது என்பதாலேயே அதன் கணக்குப் புத்தகமும் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த அணை ஒரு பாடப்புத்தகம்.

இடையில் 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் மாலை. அப்போது விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். திரெங்கானுவின் பாக்கா மின் நிலையத்துக்கு அருகே ஒரு மின்பாதை துண்டிக்கப்பட, அடுத்தடுத்து நிலையங்கள் விழுந்து தீபகற்பமே இருளில் மூழ்கியது. அந்நேரத்தில்தான் நீர்மின் நிலையத்தின் அருமை தெரியும். அனல்மின் நிலையம் ஒன்றை மறுபடியும் கிளப்ப வேண்டுமானால் அதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், நேரமும் பிடிக்கும். அணையில் மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் சக்கரம் சுழலும். அன்று இரவு ஐஸ்கட்டி தேடி அலைந்தவர்களும், மெழுகுவர்த்தி விற்றுத் தீர்த்த கடைக்காரர்களும் பட்டணத்தில்தான் அதிகம். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு அன்னிக்கும் பத்து மணிக்குத்தானம்மா கரண்டு நின்னுச்சு."

சரவாக்கின் பாக்குன் அணையை ஒரே பத்தியில் அடக்குவது நியாயமில்லை. ஆனாலும் சொல்கிறேன். 1980களில் திட்டமிட்டு, 1990இல் நிறுத்தி, 1993இல் மீண்டும் எடுத்து, 1997 பொருளாதார நெருக்கடியில் மறுபடியும் நிறுத்தி, கடைசியில் 2011இல் மின்சாரம் வந்தது. 2,400 மெகாவாட். ஏரியின் பரப்பு 695 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட சிங்கப்பூர் அளவு. சுமார் 10,000 கென்யா, காயான், லஹானான், உகிட், பெனான் மக்கள் ஆற்றங்கரை நீண்ட வீடுகளை விட்டு 1998, 1999இல் சுங்கை அசாப்புக்கு மாற்றப்பட்டார்கள். தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். அணை வருமா, வராதா என்று தெரியாத நெருக்கடிக் காலத்தில் மக்கள் மட்டும் முதலில் கிளப்பப்பட்டார்கள். அவர்கள் விட்டுவந்த நிலத்தை நீர் தொட்டது 2010 அக்டோபரில். மின்சாரத்தின் பெரும்பங்கு சமாலாஜு தொழிற்பேட்டையின் அலுமினிய உருக்காலை போன்றவற்றுக்குப் போகிறது. அடுத்து வரவிருந்த பாராம் அணையை, மக்கள் பல ஆண்டுகள் மறியல் நடத்திய பிறகு, முதலமைச்சர் அடெனான் சாத்தெம் 2016இல் கைவிட்டார். நான் படித்த அணைக்கதைகளில் மக்கள் சொன்னது எடுபட்ட கதை அது ஒன்றுதான்.

கேமரன் மலையை மறந்துவிடவில்லை. அணை கட்டியபோது சுற்றிலும் காடு. பிறகு காய்கறித் தோட்டம், பூந்தோட்டம், விடுதி என்று சரிவுகள் வெட்டப்பட்டன. மழை பெய்யும்போதெல்லாம் மண் அரித்து ரிங்லெட் ஏரியில் இறங்கியது. ஏரியில் நீர் நிற்க வேண்டிய இடத்தில் சேறு நின்றது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை கனமழையில் ஏரி நிரம்ப, அணையின் பாதுகாப்புக்காக மதகுகள் திறக்கப்பட்டன. தூங்கிக்கொண்டிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்கள் பலியாயின, வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆறு தீர்ந்துபோகாது, உண்மை. ஏரி தூர்ந்துபோகும். மேலே காடு இருக்கும்வரைதான் கீழே இருக்கும் மின் நிலையம் புதுப்பிக்கத்தக்கது.

பெரிய அணைகளில் இவ்வளவு சிக்கல் என்றான பிறகு, 2001இல் எட்டாவது மலேசியத் திட்டத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை ஐந்தாவது எரிபொருள் என்று அறிவித்தார்கள். செம்பனைக் கழிவு, குப்பைமேட்டு வாயு, சிற்றாறு, வெயில் எல்லாம் அதில் அடக்கம். 2005க்குள் ஐந்து விழுக்காடு என்பது இலக்கு. கிட்டத்தட்ட 500 மெகாவாட் வர வேண்டும். அந்த ஆண்டு முடிவில் மின் கட்டமைப்பில் சேர்ந்திருந்தது 12 மெகாவாட். நாற்பதுக்கு ஒன்றுகூட இல்லை. பாய்லரில் இத்தனை காலம் நாரை எரித்த ஆலைகள் ஏன் முன்வரவில்லை? கொடுக்கப்பட்ட விலை கட்டவில்லை, வங்கி கடன் தரத் தயங்கியது, ஆலை இருப்பது காட்டுக்குள், மின்பாதை இருப்பது பல மைல் தள்ளி. மறுபடியும் அதே கம்பிக் கதை.

அதன் பிறகுதான் 2011இல் தனிச் சட்டமும் சேடா என்ற ஆணையமும் வந்தன. இங்கே வாசகர்கள் தங்கள் மின் கட்டண ரசீதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். கே.டபள்யு.டி.பி.பி. என்று ஒரு வரி இருக்கும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காகப் பிடிக்கப்படும் தொகை அது. 2011 டிசம்பரில் ஒரு விழுக்காடாகத் தொடங்கி, 2014இலிருந்து 1.6 விழுக்காடு ஆனது. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் தீபகற்ப வீடுகள் இதைச் செலுத்தி வருகின்றன. அந்த நிதியிலிருந்துதான் கூரையில் தகடு வைத்தவருக்கும் சூரியப் பண்ணை வைத்தவருக்கும் கூடுதல் விலை கொடுக்கப்பட்டது. அதாவது, தகடு வைக்காதவர்களும் தகடு வைத்தவர்களுக்குத் துணை நின்றிருக்கிறோம். 2016இலிருந்து, மிஞ்சும் சூரிய மின்சாரத்தைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் திட்டமும், பெரிய சூரியப் பண்ணைகளுக்கான ஏலமும் வந்தன. விதிகளும் பெயர்களும் அடிக்கடி மாறுகின்றன, அவற்றை இங்கே அடுக்கி உங்களைச் சோதிக்க விரும்பவில்லை. 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது 2023இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டத்தின் இலக்கு.

அந்தப் பண்ணைகளுக்கு நிலம் வேண்டும். சமதளமாக, வெயில் படும்படி, ஒரே கையில் பெரிய பரப்பாக இருக்கும் நிலம் யாரிடம் இருக்கிறது? தோட்ட நிறுவனங்களிடம். செம்பனையை வெட்டிவிட்டுச் சூரியத் தகடு நடும் திட்டங்களைச் சில பெரிய தோட்ட நிறுவனங்கள் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டன. இரவு பத்து மணிக்கு மோட்டார் நின்ற நிலத்தில் இனி பகல் முழுவதும் மின்சாரம் விளையும். அங்கே வாழ்ந்தவர்களோ தோட்டம் துண்டாடப்பட்டபோதே பட்டணத்து ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். பலருக்கும் கிடைத்தது மலிவு விலை அடுக்குமாடி வீடு.

தரை வீட்டுக்காரர் தம் கூரையில் தகடு பதிக்கத் தாமே முடிவு செய்யலாம். அடுக்குமாடியில் கூரை எல்லாருக்கும் பொது. அங்கே ஒரு தகடு ஏற வேண்டுமானால் கட்டட நிர்வாகக் கூட்டத்தில் பேச வேண்டும், பொது விளக்குக்கும் மின்தூக்கிக்கும் ஆகும் கட்டணக் கணக்கை எடுத்து வைக்க வேண்டும், பெரும்பான்மை கைதூக்க வேண்டும். அந்த ஆண்டுக் கூட்டத்துக்கான அறிவிப்பு மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறோம் என்பது வாசகர்களுக்கே தெரியும்.